காற்றின் கணக்கும் ஏரியல் கம்பமும்



டில்லியில் வாழ்வோர் பீதம்புரா தொலைக்காட்சிக் கோபுரத்தையும், மும்பையில் வாழ்வோர் வொர்லியிலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தையும் பலமுறை கண்டிருப்பீர்கள். முன்னது 235 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கோபுரம். பின்னது இரும்புச் சட்டங்களைப் பின்னி 300 மீட்டர் உயரத்திற்கு எழுப்பியது. நம் இராமேசுவரத்தில் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் உயரமுடையது. இவற்றை அண்ணாந்து நோக்குவோர் மனத்தில் பெரும்பாலும் எழும் வினா, 'இவ்வளவு எடையைத் தரை எவ்வாறு தாங்குகிறது?' என்பதே. ஆனால் இவற்றை அமைக்கும் பொறியியலாருக்கு எடை பெரிய கவலை அன்று. எடை என்றும் கீழ்நோக்கியே இழுக்கும். இன்றிருக்கும் அளவே நாளையும் இருக்கும். காற்றோ பக்கவாட்டில் தள்ளும், எத்திசையிலிருந்தும் வரும், இன்று தென்றலாக இருப்பது நாளை புயலாகும். ஆகவே, ஏரியல் தாங்கும் கம்பமாயினும் கோபுரமாயினும், அதன் உறுதியைத் தீர்மானிப்பது காற்றின் கணக்கே ஆகும். அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை இன்று காண்போம். அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்து, தம் மொட்டை மாடியில் கைபேசிக் கோபுரம் நிறுவ இடம் தரலாமா என்று சங்கக் கூட்டங்களில் வாக்களிக்கும் நம்மவர் பலருக்கும் இது பயன்படும்.

காற்றுக்கு எடை உண்டு. ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட பெட்டியில் அடங்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். இக்காற்று ஒரு பலகையின்மீது மோதுவதாகக் கொள்வோம். காற்றின் வேகம் இரட்டித்தால் இரண்டு மாறுதல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. முதலாவது, ஒவ்வொரு விநாடியிலும் பலகையை வந்தடையும் காற்றின் அளவு இரட்டிக்கிறது. இரண்டாவது, வரும் காற்று ஒவ்வொன்றும் இருமடங்கு வேகத்துடன் மோதுகிறது. இரண்டையும் பெருக்கினால் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். இதனையே, காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்று விஞ்ஞானிகள் கூறுவர்.

இதற்குரிய சூத்திரம் மிக எளியது. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் விசை, நியூட்டன் என்னும் அளவையில். அந்த 0.6 என்பது காற்றின் நிறையாகிய 1.2-இல் பாதியே. சுமார் 10 நியூட்டன், ஒரு கிலோகிராம் எடைக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வர்க்க விதியைப் புறக்கணிப்பதன் விளைவை மும்பை அண்மையில் கண்டது. 2024 மே 13 அன்று காட்கோபரில், புழுதிக் காற்றும் மழையும் வீசியபோது, பெட்ரோல் நிலையம் ஒன்றின்மீது மாபெரும் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் மாண்டனர். அப்பலகை ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. அது தாங்கியிருக்க வேண்டிய காற்று மணிக்கு 158 கிலோமீட்டர் என்றும், அதன் அடித்தளத்தால் தாங்கக்கூடியது 49 கிலோமீட்டர் மட்டுமே என்றும் வல்லுநர் ஆய்வில் கண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. 158-க்கும் 49-க்கும் உள்ள வேறுபாடு மும்மடங்குதானே என்று தோன்றும். வர்க்க விதிப்படி பார்த்தால், தேவையான வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே இருந்தது என்பது விளங்கும். பலகைக்கும் ஏரியல் கோபுரத்திற்கும் வடிவம் வேறு, விதி ஒன்றே.

இவ்விதியை மனித சமுதாயம் விலை கொடுத்தே கற்றது. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டே நதியின் பாலம் புயலில் சரிந்தது. அதன்மீது சென்றுகொண்டிருந்த ரயில் வண்டியில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பவுச், காற்றின் விசைக்கென்று தனியே எதையும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதன் பின்னர், பாலம் கட்டுவோர் சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றழுத்தத்திற்குக் கணக்கிட வேண்டும் என்று பிரிட்டனில் விதி பிறந்தது. 1890-இல் முடிந்த போர்த் பாலம் அவ்விதிப்படி எழுந்ததே.

பாரிஸ் நகரத்தின் எய்பல் கோபுரம் 1889-இல் எழுந்தபோது, அதன் கால்கள் அகன்று வளைந்திருப்பதற்குக் காற்றின் கணக்கே காரணமாயிற்று. பின்னர் எய்பல், வெவ்வேறு வடிவத் தகடுகளை அக்கோபுரத்திலிருந்தே கீழே விழச் செய்து, காற்று அவற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தார். 20 ஆண்டுகளுக்கே அனுமதி பெற்றிருந்த அக்கோபுரம் பிரிக்கப்படாமல் தப்பியதற்கு அதன் உச்சியில் ஏற்றிய வானொலித் தந்திக் கம்பிகள் பெருங்காரணம். காற்றை வென்று நின்ற கோபுரத்தை வானொலி காத்தது எனலாம்.

நிற்க. சூத்திரத்தில் எந்த வேகத்தை இடுவது? சென்ற வாரம் வீசிய காற்றின் வேகத்தை இட்டுப் பயனில்லை. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 875-ஆம் எண் விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி இதற்கு வழிகாட்டுகிறது. அதிலுள்ள வரைபடம் நாட்டை ஆறு வகைப் பகுதிகளாகப் பிரித்து, விநாடிக்கு 33, 39, 44, 47, 50, 55 மீட்டர் என்று அடிப்படை வேகங்களைத் தருகிறது. பெங்களூருக்கு 33, மும்பைக்கு 44, ஆந்தி எனப்படும் புழுதிப்புயல் வீசும் வடநாட்டுச் சமவெளியின் பெரும்பகுதிக்கு 47, கால்பைசாகி சூறையையும் வங்கக் கடற்புயலையும் ஒருங்கே காணும் கொல்கத்தாவுக்கு 50, சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் 50. திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் மூன்று விநாடி நேரம் வீசும் பலத்த காற்றின் வேகம் இது.

பெங்களூரின் 33-ஐ வர்க்கித்து 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 653 நியூட்டன் வருகிறது. கொல்கத்தாவின் 50-க்கு 1500 நியூட்டன். வேகம் ஒன்றரை மடங்குதான். விசை இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். ஆதலின், பெங்களூரில் பல ஆண்டு அசையாது நின்ற கம்பத்தைப் பார்த்து, அதே அளவில் கொல்கத்தாவில் ஒன்று நடுவது அறிவுடைமை ஆகாது. பணி மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மவர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இவ்வேகம் 50 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது என்று சொல்வதுண்டு. அதனால், இன்று வந்துவிட்டால் இன்னும் 50 ஆண்டுகள் அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணலாகாது. ஒவ்வோர் ஆண்டிலும் அவ்வேகம் மிஞ்சப்படுவதற்கு நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 50 ஆண்டுக் காலத்தை மொத்தமாக எடுத்தால், ஒரு முறையேனும் அது மிஞ்சப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 63-க்கும் மேல். ஆகவே அந்த வேகத்தை நிச்சயம் வரும் விருந்தாளியாகவே கொள்ள வேண்டும்.

அடிப்படை வேகத்தை அப்படியே பயன்படுத்துவதும் இல்லை. தரையருகே வீடுகளும் மரங்களும் காற்றைத் தடுத்து மந்தப்படுத்துகின்றன. உயரே செல்லச் செல்ல அத்தடை குறைந்து வேகம் மிகுகிறது. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் உள்ள வேகத்தை 1 என்று கொண்டால், 30 மீட்டரில் 1.12, 100 மீட்டரில் 1.24. குன்றின் உச்சியில் இன்னும் அதிகமாகும்.

இனி, காற்றின் அழுத்தத்தோடு கணக்கு முடிவதில்லை. பொருளின் வடிவத்தையும் நோக்க வேண்டும். ஒரே பரப்புடைய இரு பொருள்களில், உருண்டையானதைக் காற்று வழுக்கிச் செல்லும். கூர்விளிம்புள்ள தட்டையைப் பற்றித் தள்ளும். இதனைக் குறிக்க வடிவ எண் ஒன்றை அழுத்தத்தோடும் பரப்போடும் பெருக்குகிறார்கள். மெல்லிய உருண்டைக் குழாய்க்கு அது சுமார் 1.2. ஆங்கிள் இரும்புகளால் பின்னிய சதுரக் கோபுரத்தில், முகப்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பும் எஞ்சியது வெற்றிடமுமாக இருந்தால், அவ்வெண் 3.3. முன்முகத்து இரும்பின் பரப்பை மட்டும் கணக்கில் எடுத்து, பின்முகத்தின்மீது விழும் காற்றையும் இவ்வெண்ணிலேயே அடக்கிவிடுவதால் அது பெரிதாகத் தோன்றுகிறது. ஆயினும் முகப்பு முழுவதையும் தகட்டால் மூடிய கோபுரத்தை விட, பின்னல் கோபுரம் வாங்கும் காற்று குறைவே. கோபுரங்களைப் பின்னலாக அமைப்பதன் இரகசியம் இதுதான்.

இப்போது நாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொல்கத்தாவில் ஒரு மொட்டை மாடியில் 6 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயை நட்டிருக்கிறார்கள். குழாயின் வெளி விட்டம் 5 சென்டிமீட்டர். தடிப்பு 4 மில்லிமீட்டர். அதன் உச்சியில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவுள்ள தட்டையான ஏரியல். கணக்கு எளிதாகும்பொருட்டு வேகத்தை 50 என்றே கொள்வோம். உண்மையில் மாடி உயர்ந்ததாயின் இன்னும் கூடும்.

குழாய் காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.3 சதுர மீட்டர். அழுத்தம் 1500, வடிவ எண் 1.2. மூன்றையும் பெருக்கினால் 540 நியூட்டன். ஏரியலின் பரப்பு 0.25 சதுர மீட்டர். அதற்கும் வடிவ எண் 1.2 என்று கொண்டால் 450 நியூட்டன். மொத்தம் 990 நியூட்டன், அதாவது பழைய நாளைய நூறு கிலோ அரிசி மூட்டையின் எடை. குழாயின் சொந்த எடை 27 கிலோ மட்டுமே. அதனைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விசை பக்கவாட்டில் தள்ளுகிறது.

தள்ளும் விசையினும் முக்கியமானது, அது எவ்வளவு உயரத்தில் தள்ளுகிறது என்பது. கிணற்று ஏற்றத்தில் துலாவின் நுனியில் தொங்கும் சிறு பாரம், நடுவில் உள்ள பெரும் பாரத்தை வெல்வதை அறிவோம். குழாயின்மீது விழும் 540 நியூட்டன் சராசரியாக 3 மீட்டர் உயரத்தில் செயற்படுவதால், அடியில் அதன் கவிழ்க்கும் வலிமை 1620. ஏரியலின் 450 நியூட்டன் 6 மீட்டர் உயரத்தில் செயற்படுவதால் 2700. சிறிய விசையே பெரிய வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து 4320. இதனைக் குழாயின் குறுக்களவோடு ஒப்பிட்டால், அடியில் இரும்பின்மீது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 700 நியூட்டன் தகைவு உண்டாகிறது. சாதாரண மெல்லிரும்பு 250-க்கு மேல் தாங்காது; வளைந்துவிடும். ஆகவே இக்கம்பம் 50 மீட்டர் வேகத்தைக் காணுமுன்பே, ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில் மடிந்து விழும். பெங்களூரின் 33 மீட்டரையும் அது தாங்காது.

அப்படியானால் குழாயைப் பருமனாக்க வேண்டுமா? அதனினும் எளிய வழி உண்டு. கம்பத்தின் 4 மீட்டர் உயரத்தில், மின்சாரத் தொழிலாளர் ஸ்டே கம்பி என்று சொல்லும் இழுப்புக் கம்பிகளைப் பல திசைகளிலும் கட்டிவிடலாம். அப்போது குழாயின் மேற்பகுதி 2 மீட்டர் மட்டுமே தனியே நிற்கிறது. அதிகமான கவிழ்க்கும் வலிமை 4320-இலிருந்து 1080 ஆகக் குறைகிறது. இரும்பின் தகைவு 175 ஆகிறது. அதே குழாய் இப்போது மடியாமல் நிற்கும்.

ஆனால் விசை மறைந்துவிடவில்லை என்பதை மறத்தலாகாது. அது கம்பிக்கு மாறிவிட்டது. 45 பாகைச் சாய்வில் இழுத்துக் கட்டிய கம்பி, காற்று அதன் நேர் எதிரே வீசும்போது, சுமார் 1530 நியூட்டன் இழுப்பைத் தாங்கவேண்டும். 155 கிலோவுக்குச் சமமான அந்த இழுப்பு கம்பியின் வழியே மாடியிலுள்ள கொக்கியை அடைகிறது. அக்கொக்கி, காரை உதிர்ந்த கைப்பிடிச் சுவரின் செங்கலில் அடித்த ஆணியாக இருந்தால் யாது பயன்? கம்பம் விழுந்த இடங்களில் பல சமயம் கம்பமும் கம்பியும் முழுதாகவே இருக்கும். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். காற்றின் விசையை உச்சியிலிருந்து தரைவரை ஒவ்வோர் இணைப்பாகப் பின்தொடர்ந்து செல்வதே முழுமையான கணக்கு.

புயல் மட்டுமே பகை என்று நினைப்பதும் தவறு. தந்திக் கம்பிகள் மெல்லிய காற்றில் ரீங்காரம் செய்வதைக் கேட்டிருக்கிறோம். உருண்டையான பொருளைக் கடக்கும் காற்று, அதன் இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துச் செல்கிறது. ஒவ்வொரு சுழலும் பொருளை ஒரு பக்கமாக இழுக்கிறது. 5 சென்டிமீட்டர் குழாயை 5 மீட்டர் வேகக் காற்று கடந்தால், விநாடிக்குச் சுமார் 20 முறை இது நிகழும். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் மெல்லத் தள்ளினால் அது உயர உயர எழுவதுபோல், சுழல்களின் தாளம் கம்பத்தின் இயற்கையான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் வளரும். இங்கிலாந்தில் எம்லி மூர் என்னுமிடத்தில் 385 மீட்டர் உயரத்தில் நின்ற தொலைக்காட்சிக் கம்பம் 1969 மார்ச் 19 அன்று விழுந்தது. அன்று பெரும்புயல் ஏதும் இல்லை. மெல்லென ஒரே சீராக வீசிய காற்றினால் எழுந்த ஆட்டமும், கம்பத்தின்மேல் படிந்த பனிக்கட்டியின் பாரமும் அதனை வீழ்த்தின. இன்று உயர்ந்த புகைபோக்கிகளின் தலையில் திருகு வடிவில் தகடு சுற்றியிருப்பதைக் காண்கிறோமே, அது சுழல்களின் தாளத்தைக் கலைப்பதற்கே.

கடற்கரையோரக் கோபுரங்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் தொலைத்தொடர்பு அறுந்து, அமெச்சூர் வானொலியாளர்களும் செய்தி கொண்டுசெல்ல உதவ வேண்டியிருந்தது. 2019 மே 3 அன்று பூரியருகே பானி புயல் கரை கடந்தபோது, முன்னெச்சரிக்கை கேட்டுப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். எச்சரிக்கையைச் சுமந்து வருவன ஏரியல்களே. புயல் கடந்தபின் மருத்துவரையும் மீட்போரையும் அழைக்க உதவுவனவும் அவையே. எல்லாம் விழும் நாளில் விழாமல் நிற்கவேண்டிய பொருள் அது.

இதனை உணர்ந்தே, 2015-இல் திருத்திய விதித்தொகுப்பு, கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் போன்றவற்றிற்கு, வேகத்தை 1.30-ஆல் பெருக்கச் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 50. முக்கியமான அமைப்பு என்பதற்காக 1.08, உயரத்திற்காக 1.24, புயற்கரை என்பதற்காக 1.30. பெருக்கினால் வேகம் 87 மீட்டர் ஆகிறது. அழுத்தமோ 1500-இலிருந்து சுமார் 4550 நியூட்டனாக, மும்மடங்காக உயர்கிறது. ஒவ்வொரு பெருக்கமும் சிறிதாகத் தோன்றும். வர்க்கிக்கும்போதே அதன் உண்மை உருவம் வெளிப்படும்.

இறுதியாக, நம் வீட்டு மாடிக்கு வருவோம். வாடகை வருகிறதே என்று கோபுரத்துக்கு இடம் தரும் முன்னர், தகுதி பெற்ற பொறியியலாரிடம் சில வினாக்களைக் கேட்கலாம். எந்த வேகத்திற்குக் கணக்கிட்டிருக்கிறீர்கள்? கட்டடத்தின் உயரத்தையும் சேர்த்தீர்களா? எத்தனை ஏரியல்களுக்கு இடம் வைத்திருக்கிறீர்கள்? காற்றின் விசையை நம் தளமும் தூண்களும் தாங்குமா என்று பார்த்தீர்களா? இவற்றுள் மூன்றாவது வினா மிக அவசியமானது. நட்டபோது நான்கு ஏரியல்களுக்குக் கணக்கிட்ட கோபுரத்தில், ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் நான்கு ஏறிவிடுவதுண்டு. கோபுரம் வெளித்தோற்றத்தில் மாறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு புதிய தட்டும் உச்சியில் நின்று காற்றை வாங்குகிறது. அடியில் நிற்கும் போல்ட்டுகளோ வயதாகித் துருப்பிடிக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் ஒரு முறை கம்பிகளின் இழுப்பையும், போல்ட்டுகளின் பிடிப்பையும், கொக்கிகளின் துருவையும் சோதித்துப் பார்த்தல் பெருஞ்செலவு அன்று.

கம்பத்தின் நிழலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், வண்டிகள் நிற்கின்றன, கீரை விற்கும் அம்மாள் கூடையை இறக்கி வைக்கிறாள். காற்றின் கணக்கு இவர்களுக்காகவே போடப்படுகிறது. வீசும் காற்றைக் குறைக்க நம்மால் இயலாது. அதன் வேகத்தை வர்க்கித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி கம்பத்தை நட நம்மால் இயலும்.